‘எங்கள் மாணவி’க்கு அத்தாட்சி எங்கே?

விளம்பரம் வாங்கும் மேசையில் இருப்பவளுக்கு, வணக்கம் சொல்லிக்கொண்டு வருகிறவரிலும் சந்தேகம் வந்துவிடும்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பல்கலைக்கழகம் திறந்தும் பூட்டியும் கிடந்தது. சண்டையால் காங்கேசன்துறை வீட்டை விட்டு வெளிக்கிட்ட நாங்கள் மாமி வீட்டு விறாந்தையில் இருந்தோம். அளவையியல் என்னும் தர்க்கப் பாடம் படித்துக்கொண்டிருந்த நான் யாழ்ப்பாணத்தில் ஒரு சிறிய பத்திரிகையின் விளம்பரப் பகுதியில் சேர்ந்தேன். அந்தச் சம்பளம் நின்றால் படிப்பும் நிற்கும். முதல் நாளே முகாமையாளர் சிவபாதம் அண்ணை, பொய் விளம்பரம் வாங்கக்கூடாது என்று கட்டளையிட்டார். அவர் அதை ஒரு சம்பிரதாயத்துக்குச் சொன்னார், நான் நம்பிவிட்டேன். விளம்பரத்தை நம்பிச் சைக்கிள் உழக்கிப் போய், வெறும் பையோடு திரும்பிய வாசகர்களே, உங்களுக்காக நான் வாங்கிய பேச்சுகளைக் கேளுங்கள்.

தேகத்துக்கு இதமானது

சண்டிலிப்பாயில் வீட்டிலேயே சவர்க்காரம் காய்ச்சும் ஒருவர் வந்தார். கொழும்பிலிருந்து சவர்க்காரம் வராத காலம். எதைக் கட்டியாக வெட்டி வைத்தாலும் சனம் வாங்கும். ‘தேகத்துக்கு இதமானது, நுரை பொங்கும்’ என்று எழுதிக்கொண்டு வந்திருந்தார். “ஒரு கட்டி தாருங்கோ, பாவிச்சுப் பாத்திட்டுச் சொல்லுறன்” என்றேன்.

மறுநாள் முழங்கை வரை சிவந்திருந்த என் கையை அவர் முன்னால் நீட்டினேன். “நுரை சரி, ஐயா. தேகம் எண்டதை வெட்டிப்போட்டு, உடுப்புத் தோய்க்க எண்டு போடுங்கோ. உடுப்பு நல்லாய் வெளுக்குது, அதையும் போடலாம்.” உள்ளதைச் சொல்லியே ஒரு சாமானை விற்கலாம் என்பது என் கட்சி. அவர் என் கையைப் பார்த்தார், பிறகு தன் கையைப் பார்த்தார். இரண்டும் ஒரே நிறம்.

“நீர் சொல்லுறது சரிதான் பிள்ளை. ஆனால் உடுப்புக்கெண்டு போட்டால், குளிக்கிற சனம் எங்கை போகும்?”

வெட்டிய விலை

துணிக்கடை முதலாளி ஒருவர் சீலை மலிவு விற்பனைக்கு விளம்பரம் கொண்டுவந்தார். பழைய விலை, அதன் மேல் ஒரு கோடு, கீழே புதிய விலை. “வெட்டின விலைக்கு முந்தி ஆருக்கு வித்தனீங்கள்? ஒரு ஆளாவது வாங்கியிருக்க வேணுமே. ஒருநாளும் விற்காத விலையை வெட்டினால் அது மலிவில்லை, வெறும் கோடு” என்றேன்.

முதலாளி லேஞ்சியால் முகத்தைத் துடைத்தார். என்ன படிக்கிறேன் என்று விசாரித்தார். பதிலைக் கேட்டதும் என்னில் இரக்கம் வந்திருக்க வேண்டும், மிகவும் பொறுமையாக விளக்கினார்.

“அந்த விலைக்கு ஒருத்தரும் வாங்கேல்லைப் பிள்ளை. அதாலைதானே வெட்டினனான்.”

ஒரு பிள்ளைக்கு இரண்டு ரியூட்டரி

எங்கள் ஊரில் பள்ளிக்கூடத்தில் பெயர் இருக்கும். படிப்பு தனியார் ரியூட்டரியில் நடக்கும். அதுவும் பாடத்துக்கு ஒரு ரியூட்டரி. அதனால் பரீட்சை முடிவு வந்தால் ஒரே கெட்டிக்காரிக்குப் பல சொந்தக்காரர். அந்த வருஷம் தொண்டைமானாற்று வதனா மருத்துவபீடத்துக்குத் தெரிவானாள். காலையில் பெரிய ரியூட்டரிக் கதிரவேலு மாஸ்ரர் அவளை ‘எங்கள் மாணவி’ என்று எழுதிக்கொண்டு வந்தார். அவர் இருக்கும்போதே சின்ன ரியூட்டரி யோகன் சேரும் அதே பெயரோடு வந்து நின்றார்.

நான் இருவரையும் எதிரெதிரே இருத்தி விசாரித்தேன். யோகன் சேர் பௌதிகம் படிப்பித்தவர். ‘பௌதிகம் மட்டும்’ என்று போடவும், வதனாவிடம் சம்மதம் கேட்கவும் உடனே ஒத்துக்கொண்டார். மாஸ்ரர் ஒரு படத்தை எடுத்து வைத்தார்: அவருடைய இலவசக் கருத்தரங்கில் வதனா முன்வரிசையில் இருக்கிறாள். “அப்ப, ஒரு பின்னேரம் எங்கள் மண்டபத்தில் இருந்த மாணவி எண்டு போடுங்கோ, மாஸ்ரர்” என்றேன். சத்தம் கேட்டு வந்த சிவபாதம் அண்ணை, மாஸ்ரரின் அரைப்பக்க விளம்பரத்தில் தானே கையெழுத்து வைத்து அச்சுக்கு அனுப்பினார். பிறகு என் பக்கம் குனிந்தார்.

“பிள்ளை, உந்த மனுஷன்ரை விளம்பரத்திலைதான் எங்கடை பேப்பர் ஓடுது. உம்மடை அளவையியலைக் கம்பஸ் வகுப்பிலை வைச்சிட்டு வாரும்.”

வதனாவின் தகப்பன்

விளம்பரம் வந்து சில நாட்களில் ஒருவர் தொண்டைமானாற்றிலிருந்து சைக்கிளில் வந்தார். கடல் தொழில் செய்கிறவர், வதனாவின் தகப்பன். “தங்கச்சி, அந்த மாஸ்ரரிட்டை என்ரை பிள்ளை படிக்கேல்லை எண்டு உதே பேப்பரிலை போடுங்கோ. யோகன் சேர் காசு வாங்காமல் படிப்பிச்சவர். உந்தப் பெரிய ரியூட்டரிக்குக் காசு கட்டினவனுக்கு என்னத்துக்கு நிவாரண அரிசி எண்டு, அரிசிக்குப் பேர் பதியிற விதானையாருக்கு ஆரோ பெட்டிசம் போட்டிட்டினம். அரிசியை நிப்பாட்டப் போயினம்.”

அவரை நேரே முகாமையாளரின் அறைக்குள் கூட்டிக்கொண்டு போனேன். மூலையில் ஒரு வரித் திருத்தம் போடுவோம் என்றார் அண்ணை. “பொய்யை அரைப்பக்கத்திலை வாசிச்ச சனம் உண்மையை மூலையிலை தேடுமோ? அதே பக்கத்திலை, அதே எழுத்திலை வரவேணும்” என்று நான் நின்றேன். தகப்பன் கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை. அண்ணை அவரைப் பார்த்தார். பிறகு பேனையை எடுத்தார்.

“அப்பிடியே போடுறன். ஆனால் மாஸ்ரர் விளம்பரத்தை நிப்பாட்டினால், மாசம் முடிய உமக்கு இஞ்சை வேலை இல்லை.”

மாஸ்ரர் திரும்பி வந்தார்

திருத்தத்தைக் கண்ட விதானையார் அரிசியில் கை வைக்கவில்லை. அண்ணை பயந்தபடியே மாஸ்ரர் விளம்பரத்தை நிறுத்தினார். நான் என் சாமான்களைப் பையில் போட்டு வைத்துக்கொண்டு வேலை செய்தேன். ஆனால் யோகன் சேரின் ‘பௌதிகம் மட்டும்’ வகுப்பில் பிள்ளைகள் இருக்க வாங்கில் இடமில்லாமல் போனது. மாஸ்ரரிடம் போன தாய்மார், “உங்கடை பிள்ளையள் எந்தப் பாடம், எவ்வளவு காலம் படிச்சவை?” என்று கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

மாசக் கடைசியில் மாஸ்ரர் வந்து என் மேசையில் புதிய அரைப்பக்கத்தை விரித்தார். ‘யாழ்ப்பாணத்தில் உண்மையை மட்டும் விளம்பரம் செய்யும் ஒரே கல்வி நிலையம்!’ சிவபாதம் அண்ணை கதவடியில் நின்று, வாயைத் திறக்காதே என்று கண்ணால் கெஞ்சினார். “ஒரே எண்டதுக்கு அத்தாட்சி இருக்கோ, மாஸ்ரர்?” என்றேன். மாஸ்ரர் உண்மையிலேயே மனம் நொந்து போனார்.

“என்ன பிள்ளை இது, ஊரிலை எல்லாரும் பொய்யர் எண்டு நீர்தானே சொல்லிக்கொண்டு திரிஞ்சனீர்!”

‘ஒரே’யை வெட்டி விளம்பரம் வந்தது, என் வேலையும் தப்பியது, ஆனால் உண்மைக்கும் கிராக்கி இருக்கிறது என்று மாஸ்ரர் கண்டுபிடித்த நாளிலிருந்து அவரில் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பு.