கட்டிலில் குறைந்த ஐந்து கம்பிகள்

அலுவலகத்தில் அவளுக்கு அங்குலம் என்று பெயர். எதற்கெடுத்தாலும் அளவு பார்ப்பாள். மரச்சாமான் கடையின் இணையதளத்தில் நாம் திருப்பித் திருப்பிப் பார்க்கும் நாற்காலி, அலமாரி எல்லாம் அவள் கணினியில் பிறந்தவைதான். முதலில் வெறும் பெட்டி, உருளை என்று வடிவம் எழுப்புவாள். பிறகு மர ரேகை, பளபளப்பு, துணியின் சொரசொரப்பு என்று மேலே தோல் போர்த்துவாள். ஒன்பது வருடமாக இதே பிழைப்பு.

அப்பேர்ப்பட்டவளே ஒரு தடவை அளவில் கோட்டை விட்டாள். அன்று மதியம் கடையின் பட்டறை மேஸ்திரி போன் செய்தார்.

"ஏம்மா, குழந்தைக் கட்டிலுக்குப் பக்கத்துக்குப் பதினொரு கம்பிதானா? வரைபடம் வரல, உங்க கம்ப்யூட்டர் மாடலை வச்சே வெட்டிட்டோம். இடைவெளி அகலமா தெரியுதே? உங்க தங்கச்சி கேட்டிருந்த கட்டிலும் காலையிலயே அவங்க வீட்டுக்குப் போயிடுச்சு."

ஐயோ, பதினாறு இருக்க வேண்டும்! இணையதளத்தில் படம் சீக்கிரம் திறக்கட்டும் என்று ஐந்தைப் பிடுங்கிவிட்டு, மீதியைத் தள்ளித் தள்ளி நட்டவள் அவளேதான். மேலே தேக்கு ரேகையை ஒட்டிவிட்டால் எவன் கம்பி எண்ணப்போகிறான் என்ற மெத்தனம். அந்தச் சந்தில் பிள்ளையின் உடம்பு நழுவும், தலை மாட்டும்.

தங்கை போனை எடுக்கவில்லை. கிடைத்த வண்டியில் ஏறினாள். மூன்று மாடியையும் மூச்சிரைக்க ஓடி ஏறினாள்.

"மெதுவாக்கா, இப்பதான் தூங்குறான்" என்று கதவைத் திறந்தாள் தங்கை.

அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். ஆறு மாதப் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான். இரண்டு காலும் இடுப்புவரை கம்பிக்கு வெளியே கிடந்தன. அவள் அவனை மெல்ல உள்ளே இழுத்துத் தூக்கினாள். அவன் வீறிட்டான்.

"உனக்கென்ன பைத்தியமா?"

"அடியே, இந்தக் கட்டிலை வரைஞ்சதே நான்தான்டி! அஞ்சு கம்பியை எடுத்துட்டேன்!"

தங்கை பிள்ளையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். மற்றக் கையின் முஷ்டியைச் சந்தில் நுழைத்துப் பார்த்தாள். முழங்கைவரை தாராளமாகப் போயிற்று.

"இது ஒண்ணுதானாக்கா?"

அந்தக் கேள்வி அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. மேஸ்திரியைக் கூப்பிட்டாள்.

"இருபத்தேழும்மா. எல்லாம் வீடு போய்ச் சேந்தாச்சு."

"எல்லாரோட நம்பரும் அனுப்புங்க, இப்பவே!"

பட்டியல் வந்தது. முதல் எண்ணை அழுத்தினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.