குலாஸ் கொடுத்த எண்பது பேசோ

துப்பறியும் சார்ஜன்ட் கிறிஸ்புலோ, குலாஸுக்கு எண்பது பேசோ கடன்பட்டிருந்தான். செபுப் பட்டணத்தில் வேறு யாருக்கும் அவன் சல்லிக்காசு பாக்கி வைத்ததில்லை. கார்பன் சந்தையில் மூட்டை தூக்கி வயிறு வளர்த்தவன். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். யார் காலையும் பிடிக்காமல் மேலே வந்தவன். பட்டம் வாங்கிய அதிகாரிகள் காகிதத்தைப் புரட்டி முடிப்பதற்குள் திருடனை விலங்கோடு இழுத்து வந்து நிறுத்திவிடுவான். இதையெல்லாம் அவனே சொல்வான், கேட்காதவர்களிடமும்.

அவன் சொல்லாமல் விட்டது குலாஸைத்தான். அதே சந்தையில் கடை வைத்து, இழவு வீடுகளுக்கு மேசையும் விளக்கும் சீட்டுக்கட்டும் வாடகைக்கு விடுகிறவன் குலாஸ். எங்கள் ஊரில் பிணம் வீட்டில் இருக்கும் நாளெல்லாம் சீட்டாட்டம் நடக்கும். ஜெயிக்கிறவன் தரும் பங்கில்தான் அடக்கச் செலவு. கை சீட்டைப் பிடித்தால் வாய் சும்மா இருக்காது. யார் எதைத் திருடினான், எங்கே பதுங்கினான் என்பது இன்று குலாஸின் காதில் விழும், நாளை கிறிஸ்புலோவின் காதுக்கு வரும்.

மகள் லூர்தெஸ் கைக்குழந்தையாக, நெஞ்சில் சளி கட்டி மூச்சுக்குத் தவித்த வாரம், ஆஸ்பத்திரி வாசலில் எண்பது பேசோவைத் திணித்தவன் குலாஸ். நோட்டில் மீன் வாடை அடித்தது. சந்தைக்காரன் காசு வேறெப்படி மணக்கும்? பிள்ளை பிழைத்தாள். ஞானஸ்நானத்தன்று குலாஸே அவளைக் கையில் ஏந்தி ஞானத்தகப்பன் ஆனான். அன்றிலிருந்து பிள்ளையின் அப்பனும் ஞானத்தகப்பனுமாக, ஒருவரை ஒருவர் 'கும்பாரே' என்றே கூப்பிட்டார்கள்.

"எண்பதை எப்ப வாங்கிக்கப் போற கும்பாரே?"

"வெச்சுக்கோ. கடன் தீந்துட்டா என்னைத் தேடி நீ எதுக்கு வரப்போற?"

பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்த அதே வாரம்தான் மீன் விற்ற சபெலைக் கழுத்தை நெரித்துப் போட்டிருந்தார்கள். "புருசன் மாமெர்தோதான். சீட்டுல தோத்துப்புட்டு அவ காசைக் கேட்டிருக்கான்," என்றான் குலாஸ். மாமெர்தோவுக்குப் பதினான்கு வருஷம் சிறை. கிறிஸ்புலோவுக்குச் சார்ஜன்ட் பட்டை. பிறகு இரண்டு பெண்கள், அதே மாதிரி. "அவன் வேற ஆளு, கப்பலேறிட்டான்," என்றான் குலாஸ். கிறிஸ்புலோ நம்பினான். நூறு தடவை நிஜம் சொன்ன வாய் அது.

ஒன்பதாவது வருஷம் நான்காவதாகச் செத்தவள், காய்கறி விற்ற நேனிங். கொலையுண்டவர் சவப்பெட்டியின் கண்ணாடி மூடி மேல் கோழிக்குஞ்சை விட்டு அரிசி தூவுவார்கள். குஞ்சு கண்ணாடியைக் கொத்தக் கொத்த, கொன்றவன் நெஞ்சைக் கொத்துமாம்.

"குஞ்சுக்கும் ஒரு தொப்பி மாட்டி ஸ்டேஷன்ல சேத்துக்கலாமா, அம்மா?" என்று நேனிங்கின் தாயைச் சீண்டினான் கிறிஸ்புலோ.

"உங்களைவிட ஒழுங்கா வேலை பாக்கும், சார்ஜன்ட். ஆனா எவனோ அரிசியை வழிச்சு எடுத்துடறான். காலையிலேர்ந்து மூணு தடவை தூவிட்டேன்."

கிறிஸ்புலோவின் சிரிப்பு நின்றது. முந்தைய இரண்டு இழவிலும் குஞ்சு பட்டினியில் சுருண்டு செத்தது ஞாபகம் வந்தது. வாசலோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று மணி வாக்கில் குலாஸ் விளக்கைத் துடைக்க வந்தான். தொப்பியைக் கழற்றி, ஜெபம் செய்கிறவன் போலக் குனிந்து, கண்ணாடியை ஒரு தடவு தடவி, கையைச் சட்டைப்பையில் விட்டான்.

கிறிஸ்புலோ எழுந்து போய் அந்தப் பைக்குள் கைவிட்டான். அரிசி.

"பசிக்குதா கும்பாரே?"

குலாஸின் உதடு வெளுத்தது. "அந்தச் சத்தம்... டொக்கு டொக்குனு... தாங்கலை கும்பாரே."

ஸ்டேஷன் போய்ச் சேர்வதற்குள், தான் கொன்ற நான்கு பெண்களின் பெயரையும் குலாஸ் சொல்லிவிட்டான்.

வீட்டில் லூர்தெஸ், "ஞானப்பா ஏன் வரலை?" என்று கேட்டாள். மறுநாள் கிறிஸ்புலோ எண்பது பேசோவை எடுத்துக்கொண்டு சிறைக்குப் போனான்.

"இந்தா. இனி நீ யாரோ, நான் யாரோ."

கம்பிக்குள் குலாஸ் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான். "எனக்கு எதுக்கு? அது என் காசா? சபெல் இடுப்புப்பையில இருந்தது. மீன் வாடை அடிச்சுதே, மறந்துட்டியா? கெட்டதுக்கா போச்சு? நம்ம பிள்ளை பிழைச்சாளே!"

கிறிஸ்புலோ தன் கையைப் பார்த்தான். மூன்று நாள். மாமெர்தோவை நாற்காலியில் கட்டிவைத்து, "பொண்டாட்டி காசை எங்கடா வெச்சே?" என்று மூன்று நாள் தன் கையால் அறைந்தது, அந்தக் கைக்கே இப்போது வலித்தது.

மாமெர்தோவை விடுவித்து ஒரு மாதம் ஆனபின்தான் அவனைப் போய்ப் பார்க்கக் கிறிஸ்புலோவுக்குத் தைரியம் வந்தது. சந்தையின் மீன் கொட்டகையில் மாமெர்தோ உடைந்த பெட்டிக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். தலை முழுக்க நரை.

"என்ன சார்ஜன்ட், மறுபடியும் கொண்டுபோக வந்தீங்களா?"

"உன் சபெல் காசு," என்றான் கிறிஸ்புலோ மெல்ல. "என்கிட்டதான் இருந்துச்சு."

மாமெர்தோ வலது காதைத் தொட்டுக் காட்டினான். "இந்தப் பக்கம் வந்து சத்தமாச் சொல்லுங்க. இடது காதை நீங்கதான் எடுத்துக்கிட்டீங்களே."

வாழ்நாளெல்லாம் சந்தை கேட்கப் பெருமை பேசிய வாய், சந்தை கேட்கச் சொன்னது: "உன் பொண்டாட்டி காசுலதான் என் பிள்ளையைக் காப்பாத்தினேன். அதே காசைக் கேட்டுத்தான் உன்னை அடிச்சேன்."

மீன் வெட்டும் கத்திகள் நின்றன. மாமெர்தோ சுத்தியலைக் கீழே வைத்தான்.

"உங்க பொண்ணு நல்லா இருக்காளா?"

"இருக்கா."

"சபெல் அதை ஆறு மாசமாச் சேத்தா. எண்ணிக் குடுங்க."

செதில் ஒட்டிய உள்ளங்கையை விரித்து நீட்டினான். கிறிஸ்புலோ ஒவ்வொரு நோட்டாக வைத்தான். பத்து. இருபது. முப்பதில் குரல் உடைந்து, மறுபடி பத்திலிருந்து தொடங்கி, எண்பது வரை எண்ணினான்.