செப்டம்பர் கவாத்து

கலிஃபோர்னியாவில் சான் ரமோனில் குடியேறிய புதிதில் எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. கணவர் காலையில் பிசினஸ் பார்க்கில் இருந்த ஆபீஸுக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். எம்.எஸ்ஸி. படித்த நான் அபார்ட்மெண்டில் கார்ப்பெட்டை வாக்யூம் செய்துகொண்டிருந்தேன். ஒரே நாளில் இரண்டு தடவை செய்ததும் உண்டு. அந்த எரிச்சல் இல்லாவிட்டால் நான் அந்தத் திராட்சைத் தோட்டத்துக்குள் கால் வைத்திருக்கவே மாட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை லிவர்மோரில் கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வழி தப்பி ஒரு மண் சாலையில் போய் நின்றோம். இருபுறமும் திராட்சை. வரிசைகளுக்கு நடுவே புல்லும் மஞ்சள் பூக்களுமாக மண்டிக் கிடந்தது. எனக்குச் சொந்த ஊர் கம்பம். அப்பாவுக்கு அங்கே திராட்சைப் பந்தல்தான் பிழைப்பு. மருந்தடிக்கிற நாட்களில் எங்கள் வீட்டில் ஜன்னலைத் திறக்கக் கூடாது. அடிக்கிற ஆட்கள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொள்வார்கள். அப்படியும் சாயங்காலம் வாய்க்கால் ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுப்பார்கள். திராட்சைத் தோட்டம் என்றாலே எனக்கு அந்த நெடிதான். இங்கே காரைவிட்டு இறங்கி மூச்சை இழுத்துப் பார்த்தேன். மண் வாசனை மட்டும்தான் வந்தது.

தோட்டக்காரி ஐம்பதைத் தாண்டியவர், முன்பு பள்ளி ஆசிரியை. கொஞ்சம் கந்தகத் தூளைத் தவிர எந்த மருந்தும் தன் நிலத்தில் விழக் கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார். அந்தப் பழத்தில் அங்கேயே ஒயின் செய்தார்கள். அவரிடம் வேலை செய்தவர் ஒரு மெக்சிகோக்காரர். அவரும் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் தோட்டத்திலேயே ஒரு சின்ன வீட்டில் வாடகையில்லாமல் இருந்தார்கள். அந்த மனைவி அதற்கு முன் ஃப்ரெஸ்னோ பக்கம் ஒரு பெரிய பண்ணையில் வேலை செய்து, மருந்து பட்டுப்பட்டு இரண்டு கையும் தோலுரிந்து வந்தவர். இங்கே வந்து மூன்று வருடத்தில் கை ஆறியது. அந்தக் கைகளை என்னிடம் திருப்பித் திருப்பிக் காட்டினார்.

அன்று தொடங்கிய பழக்கத்தில், வாரத்தில் மூன்று நாள் அங்கே சம்பளமில்லாமல் போய் வேலை செய்தேன். "விசா விஷயத்துல ஏதாவது ப்ராப்ளம் ஆச்சுன்னா நாம பேக் பண்ண வேண்டியதுதான்" என்று கணவர் புலம்பினார். நம்மூர்க்காரர்கள் கூடும் பாட்லக் விருந்தில் கேட்டவர்களிடம் கிரேப் ஃபார்ம் என்று மட்டும் சொன்னேன். ஒயின் என்ற சொல்லை வாய் தவறியும் விடவில்லை. ஒரு கூடைப் பழத்தைக் கோயிலில் அர்ச்சனைக்குக் கொடுத்தேன். ஒரு ஆன்ட்டி மட்டும், ஏன் இவ்வளவு கொட்டை என்று கேட்டார்.

தொண்ணூற்றெட்டு செப்டம்பரில் அறுவடை சுமாராகத்தான் வந்தது. தோட்டத்தைச் சுற்றி வீடுகள் நெருங்கிவிட்டன. நிலத்தைக் கேட்டு மாதம் ஒருவர் வந்துகொண்டிருந்தார். அடுத்த வருடமும் இப்படியானால் விற்பதைத் தவிர வழியில்லை என்று தோட்டக்காரி எங்கள் எல்லோரையும் உட்கார வைத்துச் சொன்னார். மறுநாளே தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று ஒரிகனுக்குப் போனார். வர மூன்று வாரம் ஆகும்.

எனக்கு அப்போது தலைக்கனம் ஏறியது. வேறு சொல் இல்லை அதற்கு. கம்பத்தில் பறித்து முடித்த கையோடு கிளைகளை வெட்டிக் கவாத்து செய்து தண்ணீர் கட்டினால் பத்துப் பதினைந்து நாளில் துளிர்க்கும், நாலு மாதத்தில் அடுத்த பழம். வருடத்துக்கு இரண்டு அறுவடை எடுத்த வீட்டுப் பெண் நான். இவர்கள் ஏன் ஒன்றோடு நிறுத்திவிட்டுப் புலம்புகிறார்கள் என்று முன்பே ஒரு முறை தோட்டக்காரியிடம் கேட்டிருக்கிறேன். அவர் சிரித்தார். அதை அவருடைய அறியாமை என்று எடுத்துக்கொண்டேன்.

கீழ்ப்பக்கம் இரண்டு ஏக்கர், எல்லாம் மிகப் பழைய செடிகள். தோட்டத்தின் பேரே அந்தப் பழத்தால்தான். அங்கிருந்தே ஆரம்பிக்கலாம் என்று கத்தரியோடு போய் நின்றேன். மெக்சிகோக்காரர் செடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இலை இன்னும் பச்சையாக இருந்தது.

"ஷி சே யெஸ்?" என்று கேட்டார்.

"யெஸ்" என்றேன்.

இருவருக்கும் இடையே இருந்த ஆங்கிலம் அவ்வளவுதான். அதற்குள்ளேயே ஒரு பொய்யை வைக்க என்னால் முடிந்தது. வெட்டாதே என்று அந்த மனுஷருக்குக் கை சொல்லியிருக்கும்; ஆனாலும் முதலாளியம்மாவின் சிநேகிதி சொல்கிறாள் என்று வெட்டினார். அவர், அவர் மனைவி, உதவிக்கு வந்த அவருடைய மச்சான், நான், எல்லோருமாகப் பத்து நாளில் முடித்தோம். குழாயைத் திறந்து தண்ணீரும் விட்டேன். ஒரிகனிலிருந்து இரண்டு முறை போன் வந்தது. சர்ப்ரைஸாக இருக்கட்டும் என்று வாயைத் திறக்கவில்லை.

அக்டோபர் ஆரம்பத்தில் மொத்தமும் துளிர்த்தது. கணவரை இழுத்துக்கொண்டு போய்க் காட்டினேன். சமையலறைக் குழாயைக்கூட மாற்றத் தெரியாத இன்ஜினியர்தான் அவர், ஆனாலும் "இங்க வின்டர் வருமேடீ" என்றார். கம்பத்தில் வராத வின்டர் என் கணக்கில் இல்லாமலே போயிருந்தது.

தோட்டக்காரி அந்த வாரமே திரும்பி வந்தார். பச்சையைப் பார்த்ததும் செடிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்துவிட்டார். அடுத்த வசந்தத்துக்கு என்று செடி வேரிலும் தண்டிலும் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் இந்தத் துளிரில் போய்விட்டது, உறைபனி வந்தால் இதுவும் போய்விடும் என்று மெல்லிய குரலில் சொன்னார். கோபமே இல்லை; திட்டியிருக்கலாம். யோசனை என்னுடையது என்று நான் சொன்னேன். அவர் மெக்சிகோக்காரர் பக்கம் திரும்பி, இத்தனை வருட அனுபவத்தில் தன்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா என்றார். அவர் என் முகத்தைப் பார்த்தார். அந்த நேரத்தில் நான் பேசியிருக்க வேண்டும். பேசவில்லை. அவர் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தப்பு தன்னுடையது என்றார்.

நவம்பர் கடைசியில் ஒரு காலை எல்லாத் துளிரும் கறுத்துத் தொங்கியது. வசந்தத்தில் பாதிச் செடிகள் எழவே இல்லை. எழுந்தவற்றில் பூ இல்லை. மருந்தே படாமல் எழுபது வருடம் நின்ற செடிகள் அவை. என் கத்தரி பட்டு ஏழு மாதம் தாங்கவில்லை. கோடையில் நிலத்தை வீடு கட்டுகிறவர்களுக்கு விற்றார். அவர் சம்மதித்ததாக நான் சொன்ன பொய்யை அவரிடம் ஒப்புக்கொண்டுவிட வேண்டும் என்று இரண்டு முறை கிளம்பிப் போனேன். இரண்டு முறையும் அட்டைப்பெட்டி கட்ட உதவிவிட்டுத் திரும்பிவிட்டேன். கோழை என்று என்னை நானே திட்டிக்கொண்டதில் யாருக்கும் ஒரு பிரயோஜனமும் இல்லை.

மெக்சிகோக்காரர் குடும்பம் கிளம்பும் நாளில் சப்பாத்தியும் உருளைக்கிழங்கும் செய்து எடுத்துப் போனேன். எங்கே போகிறார்கள் என்று கேட்டேன். ஃப்ரெஸ்னோ, பழைய பண்ணைக்கே. வேறெங்கும் வீட்டோடு வேலை கிடைக்கவில்லையாம். அவர் டிரக்கில் கட்டிலை ஏற்றிக்கொண்டிருந்தார். எனக்கு வழக்கம்போலத் தலையசைத்தார். என் பொய்யை அவர் தன் மனைவியிடம்கூடச் சொல்லவில்லை என்பது அடுத்த நிமிடமே தெரிந்தது.

அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, நான் உடுத்தியிருந்த காட்டன் புடவையின் தலைப்பைத் தொட்டுப் பார்த்தார். பிறகு மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டுவதுபோல் சைகை காட்டி, பெரிய பெண்ணிடம் ஸ்பானிஷில் ஏதோ சொன்னார். அந்தக் குழந்தை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னது: அங்கே மருந்தடிக்கும்போது முகத்தில் கட்டிக்கொள்ள இந்த மாதிரித் துணிதான் மூச்சு விட வசதி, உங்களிடம் பழையது இருந்தால் அம்மாவுக்குத் தருவீர்களா?

வீட்டுக்குப் போய் இரண்டு சுங்குடிப் புடவைகளை எடுத்துவந்தேன். டிரக்கின் பின்னால் நின்று, கம்பத்தில் ஆட்கள் கட்டுகிற துண்டு அளவுக்கு அவற்றைக் கிழித்தேன். அந்த அம்மாள் ஒவ்வொன்றாக வாங்கி மடித்துக்கொண்டே ஒவ்வொன்றுக்கும் எனக்கு நன்றி சொன்னார்.