கல்லறையில் வைக்காத படம்

எண்பதுகளின் நடுவில் ஒக்லண்டில் வேதாகம வரலாறு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்பை ஜெருசலேம், பெத்லகேம், எரிகோ என்று பழைய இடங்கள் பார்க்கக் கூட்டிப்போக ஏற்பாடானது. வெளிக்கிடும் நேரம், நான் குடியிருந்த பாபடோயிட்டோயில் பக்கத்து வீட்டு அன்ரி வந்தா. எங்கள் மன்னார் ஆள். அங்கே ஆமியின் சுற்றிவளைப்பில் பிடிபட்ட மகன் எங்கே என்று ஒரு வருஷமாகத் தெரியாது. அவனுடைய பள்ளிக்கூடப் படத்தை என் கையில் தந்தா.

"இதை ஆண்டவற்ர கல்லறையில வைச்சிட்டு வா, தம்பி."

"வேற படம் இருக்கோ, அன்ரி?"

"ஊரில வீடு எரிஞ்சதில எல்லாம் போச்சு. அதுக்கென்ன, எனக்கு அவன்ர முகம் மறக்குமோ? ஆண்டவருக்குத்தான் காட்டவேணும்."

கல்லறைக் கோயிலில் எங்கள் விரிவுரையாளர், உண்மையான இடம் இதுதானா என்பதே சந்தேகம் என்று விளக்கினார். பக்கத்தில் கிழவிகள் கல்லில் துணியைத் தேய்த்து முத்தமிட்டார்கள். வகுப்பு வெள்ளைக்காரப் பெடியள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன், அம்மா மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்துப் பெற்ற பிள்ளை நான். சட்டைப் பையில் படம் இருந்தது. அவர்களுக்கு முன்னால் எடுக்கக் கை போகவில்லை. பிறகு வைப்போம் என்று குறிப்புக் கொப்பிக்குள் செருகினேன். அடுத்த நாள் எரிகோவுக்குப் போய்விட்டோம். படிச்ச திமிர், வேறென்ன.

திரும்பி வந்த அன்றே அன்ரி, பென்ரோஸ் தொழிற்சாலையில் வேலை முடிந்த உடுப்போடு ஓடிவந்தா.

"வைச்சனியோ, தம்பி?"

"ஓம் அன்ரி." சொல்ல வாய் கூசவில்லை.

அதற்குப் பிறகு அவவின் முகம் தெளிந்தது. ஞாயிறு பூசை முடிய என் கையைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் சொல்லுவா: "என்ர பிள்ளை ஆண்டவருக்குப் பக்கத்தில இருக்கிறான். இந்தத் தம்பிதான் கொண்டுபோய் விட்டது." நான் தலையாட்டுவேன். வெட்கங்கெட்ட தலை.

சில மாதம் கழித்து, காணாமல்போனவர்களைத் தேடும் ஒரு அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. அன்ரி அதை வாசிக்கச் சொல்லித் தந்தா. தடுப்பு முகாம்களில் காட்டி விசாரிக்க மகனின் படம் ஒன்று வேண்டுமாம்.

"படம் அங்கயெல்லோ இருக்கு," என்றா. "இல்லையெண்டு எழுதிவிடு தம்பி."

பேனை என் கையில்தான் இருந்தது. ஒரு வரி எழுதினால் என் மானம் தப்பும், அவனைத் தேடுவது நின்றுபோகும். எழும்பி வீட்டுக்குப் போய்க் கொப்பியை எடுத்துவந்தேன். படத்தை அவவின் முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னேன்.

அவ ஏசவில்லை. ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னைப் பார்க்கவும் இல்லை. படத்தைக் கையில் எடுத்து அவனிடமே கேட்டா:

"அப்ப நீ அங்க போகவேயில்லையோ, ராசா?"