நாடாவுக்கு மேலே போன பந்து

1872 நவம்பர் 30, சனிக்கிழமை. கிளாஸ்கோ அருகே ஒரு கிரிக்கெட் மைதானத்தில் ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் மோதின. நாடுகளுக்கிடையிலான முதல் அதிகாரப்பூர்வ கால்பந்து ஆட்டம் அது. இருபுறமும் கோல் விழவில்லை. கம்பங்களுக்கு மேலே அன்று கட்டை கிடையாது, நாடாதான். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் அடித்த பந்து அந்த நாடாவின் மேல் பட்டுப் போனது. உள்ளே போய்விட்டதென்று பார்வையாளர்கள் சிலர் நினைத்தார்கள். கோல் கொடுக்கவில்லை.

போன காணும் பொங்கலன்று காலை, டீக்கடையில் இதை நான்தான் உற்சாகமாகச் சொன்னேன். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டை மைதானத்தில் கோல் கம்பங்களின் மேல்குழாயை யாரோ பழைய இரும்புக்குப் போட்டுவிட்டதால், மெஷின் பழுதுபார்க்கும்போது சுற்றிக் கட்டும் மஞ்சள்-கறுப்பு நாடாவைக் கட்டியிருந்தார்கள். அன்றைய ஆட்டத்துக்கு நடுவராக இருந்த ஃபிட்டரும் கேட்டுக்கொண்டிருந்தார்.

என் மனைவியின் தம்பி வேலை பார்த்த இரும்புக்கம்பி உருட்டாலை தீபாவளியோடு மூடிவிட்டது. அந்த ஆலையின் பழைய ஆட்கள் சேர்ந்து ஆட வந்ததற்குக் காரணம் எதிரணிக் கம்பெனியின் பர்சனல் ஆபீசர். தங்கள் அணியை ஜெயித்தால், கோல் போட்டவனுக்கு வேலை என்று சொல்லியிருந்தார். இந்தப் பக்கத்தில் அப்படி ஆள் எடுப்பது வழக்கம்தான்.

கடைசி நிமிடங்கள். கோல் இல்லை. மச்சினன் தூரத்திலிருந்து ஓங்கி அடித்தான். வாடைக்காற்றில் நாடா தொய்ந்து கிடந்தது. பந்து அதற்கு மேலே, ஆனால் கம்பத்து உச்சிக்குக் கீழே புகுந்து போனது.

"நாடாவுக்கு மேல போச்சி. கோல் இல்ல" என்றார் ஃபிட்டர்.

"யோவ், கண்ணு இன்னா பொடனிலயா கீது? நாடா தொங்கிக்கினு கீதுய்யா, கம்பத்தப் பாரு!" என்று மச்சினன் கத்தினான்.

எதிரணியில் ஒருவன், "கொழாய எடைக்குப் போட்டவனாண்ட போய்க் கேளு நைனா!" என்றான். கூட்டம் சிரித்தது.

மச்சினன் என்னிடம் ஓடிவந்தான். "மாமா, ஊருக்கே ரூல்ஸ் சொல்ற ஆளு நீ. வந்து சொல்லு மாமா. இத்த உட்டா எனக்கு வேற வழியில்ல."

போனேன். உச்சிக்கு உச்சி நேர்கோடு போட்டுப் பார்க்க வேண்டும் என்று வாதாடினேன். ஃபிட்டர் பொறுமையாகக் கேட்டார்.

"சார், அந்தக் காலத்துலயும் நாடான்னு நீங்கதான சொன்னீங்க. மேல போனதுக்கு கோல் குட்தாங்களா?"

மச்சினன் என் வாயையே பார்த்தான்.

"கொடுக்கல" என்றேன்.

ஆட்டம் முடிந்த விசில் ஒலித்தது. ஆபீசர் காரில் ஏறிவிட்டார். மச்சினன் சேற்றுக் காலோடு ஓடிக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டான். "சார், டிராதான சார், தோக்கல சார். ஹெல்பரா போட்டாகூட போதும் சார்."

"அடுத்த வருசம் பாக்கலாம்ப்பா." கண்ணாடி ஏறியது.

இருவரும் ரயில் ஏறினோம். கவரைப்பேட்டையில்தான் அவன் வீடு. வண்டி நின்றது. அவன் எழவில்லை.

"எறங்கலியா?"

"வேலையோடதான் வருவேன்னு சொல்ட்டு வந்தேன் மாமா. ஊட்டுக்கு எப்டிப் போவ?"

வண்டி கிளம்பியது. பொன்னேரியும் போனது. மீஞ்சூர் வந்தது, நான் இறங்க வேண்டிய இடம். என் வீட்டுக்காவது வரட்டுமென்று அவன் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. நானும் இறங்காமல் உட்கார்ந்துவிட்டேன்.