இரண்டாவது ராடில் வந்த பல்

திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் டிரில்லராக இருபது வருடம் ஊர் ஊராகப் போர்வெல் போட்டிருக்கிறேன். தண்ணீர் வந்ததா, வரவில்லையா, இரண்டே கேள்விதான். நடுவில் என்னென்ன வந்தது என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை.

போன வருடம் நர்மதைக் கரையில் ஒரு கோதுமை வயல். துளை போடும் இருபதடி இரும்பு ராடுகளில் இரண்டாவது பாதி இறங்கியிருந்தது. கம்ப்ரஸர் காற்று துளையிலிருந்து மேலே தள்ளிய சரளைக் கற்களோடு ஒரு பல்லும் வந்து என் செருப்பருகே விழுந்தது. கறுப்பாக, கல்லின் கனத்தில். வயல்காரருக்கு ஏற்கெனவே இரண்டு போர் பொய்த்திருந்தது. துளையை விட்டு அவர் கண்ணை எடுக்கவில்லை. பல்லைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு லீவரை இழுத்தேன். தண்ணீர் வந்தது. அவர் அழுதேவிட்டார். எல்லோருக்கும் ஜிலேபி வாங்கிக் கொடுத்தார்.

இந்தியாவில் கிடைத்ததிலேயே மிகப் பழைய மனித மண்டை ஓடு அதே நர்மதைக் கரையில்தான் கிடைத்தது என்று ஊர் திரும்பும் வழியில் செல்போனில் படித்தேன். பையில் இருப்பது ஒரு மனிதனா? அவன் மேலேயா ராடை இறக்கினேன்? வீட்டில் கண்ணாடி முன் நின்று, வாயைப் பிளந்து, என் கடைவாய்ப் பல்லோடு அதை ஒப்பிட்டுப் பார்த்தேன்.

"பல்லு வலிங்களா?" என்று கேட்டாள் மனைவி.

உண்மையைச் சொன்னால் தூக்கி வெளியே வீசிவிடுவாள். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு இரண்டு நாள் ரசம் சாதத்தோடு கிடந்தேன்.

மூன்றாம் நாள் சேலத்துக்கு பஸ் ஏறி, ஒரு கல்லூரியில் நிலவியல் சொல்லித்தரும் பேராசிரியையைப் போய்ப் பார்த்தேன். என் மகள் வயதுதான் இருக்கும்.

"ஏனுங்க மேடம், இது மனுசப் பல்லுங்களா?"

லென்ஸை வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இல்லைங்க. அந்தக் காலத்து மாட்டுப் பல்லு. இந்த மடிப்பெல்லாம் புல்லை அரைக்கிறதுக்கு. நம்ம பல்லு சின்னது. நெருப்புல வேகவெச்சுத் தின்னப் பழகின பிறகு தாடையும் பல்லும் சிறுத்துப்போச்சு."

மாடு! அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. அடுப்பு மூட்டியதில் பல் சிறுத்த கதை பிடித்துப்போய், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ஒரு பல்லை வைத்து ஆளின் வயது தெரியுமா, என்ன தின்றான் என்று தெரியுமா என்று அவரைக் குடைந்தெடுத்தேன். தேய்மானத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லிவிடலாமாம்.

"ஆனா, எந்த மண்ணுல இருந்துச்சுங்கிறதுதான் முக்கியம். ஞாபகம் இருக்கா?"

இதைக் கேட்கவும் ஓர் ஆள் இருக்கிறாரே என்று சந்தோஷமாக இருந்தது. பதினைந்தடி கரிசல், அப்புறம் மஞ்சள் களி, முப்பதடியில் சரளை என்று ஒப்பித்தேன். அவர் பேனாவை எடுத்து வரிசையாக எழுதிக்கொண்டே வந்தார். அந்தச் சரளையில் மாடு, யானை எலும்புகளோடு மனித எலும்பும் கிடக்க வாய்ப்பு உண்டு என்றார்.

"பல்லுக்குக் கீழே என்ன வந்துச்சு?"

"வெள்ளைப் பொடிங்க மேடம். ஓரடிக்குத்தான். அப்புறம் மறுபடி சரளைங்க."

பேனா நின்றது.

"சுண்ணாம்புக் கல்லா இருக்கும்ங்க," என்றார்.

எனக்காகத்தான் அப்படிச் சொன்னார். ராடுக்கு அடியில் அரைபட்டால் எலும்பும் வெள்ளைப் பொடிதான், அது மாட்டுடையதோ மனிதனுடையதோ. காகிதத்தில் அந்த ஓரடிக்கு நேராக அவர் எதையும் எழுதவில்லை.