மல்லி கேட்டுப் போன இடம்

பிள்ளைகளே, நம் வாசலில் மண்ணெண்ணெய்த் தகரத்தில் நிற்கிற மல்லிகைச் செடியை நீங்கள் பிறந்தது முதல் பார்க்கிறீர்கள். சாயந்தரம் ஆனால் மொட்டுப் பறிக்க ஒருவரையொருவர் இடித்துத் தள்ளுகிறீர்கள். அது எங்கிருந்து வந்தது என்று மட்டும் இன்றுவரை ஒருவரும் கேட்கவில்லை. தகரம் பலமுறை துருப்பிடித்து மாறிவிட்டது, செடி அதேதான். அது வந்த கதையை எழுதி வைக்கிறேன். வேண்டும்போது படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் ருவான்வெல்லைக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருந்தோம். நான் துரை பங்களாவில் பூந்தோட்ட வேலை பார்த்தேன். உங்கள் அம்மாவைக் கட்டி அழைத்து வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். பங்களாவைச் சுற்றி டேலியா, கன்னா, ரோஜா என்று வளர்த்தோம். வராந்தா முழுக்கத் தொட்டிகளில் பெரணியும் பிகோனியாவும் இருந்தன. எல்லாம் என் கைப்பட வளர்ந்தவைதான். ஆனால் அதில் ஒரு பூவைக்கூட நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குக் கொண்டுபோகக் கூடாது. துரைசாணி காலையில் ஒரு தரம் சுற்றி வந்தால் எந்தக் காம்பில் பூ இல்லை என்று கண்டுபிடித்துவிடுவார்.

இது லயத்துப் பெண்களுக்கு நல்ல கேலியாகப் போயிற்று. பீலிக் குழாயில் தண்ணீர் பிடிக்கப் போன உங்கள் அம்மாவிடம் ஒருத்தி, "ஏண்டி, ஒம் புருஷன் பங்களா பூராவும் பூவா பூக்க வைக்கிறாரு, ஒங் கொண்டைக்கு மட்டும் பஞ்சமா?" என்று கேட்டிருக்கிறாள். அன்றைக்கு உங்கள் அம்மா சோற்றைப் போட்டுக்கொண்டே, "நாளைக்கு அந்த கன்னாப் பூ ரெண்டு கொண்டாங்க. காதுக்கு ஒண்ணா சொருகிக்கிட்டு பீலிக்குப் போறேன், எல்லாரும் பாத்து ஓடட்டும்" என்றாள். கன்னாப் பூவின் அளவு உங்களுக்குத் தெரியும், உள்ளங்கை அகலம். இரண்டு பேரும் சிரித்தோம். சிரித்தாலும் எனக்கு அது உறுத்திக்கொண்டே இருந்தது.

லயத்து வாசலில் பூ வளர்ப்பது லேசான காரியம் இல்லை. ரப்பர் பால் பிடித்து உடைந்துபோன சிரட்டைகளில் காசித்தும்பையும் சாமந்தியும் வைத்தேன். தளிர் விட்டதும் அடுத்த காம்பிராவில், அதாவது பக்கத்து அறையில், இருந்தவரின் ஆடு வந்து தின்றுவிட்டுப் போயிற்று. உயரத்தில் பலகை அடித்து அதன்மேல் வைத்தேன். அவை பிழைத்தன. ஆனால் அவளுக்கு வேண்டியது மல்லி. மல்லிக் குச்சி வாங்கி இரண்டு தரம் நட்டேன். இரண்டு தரமும் மழையில் அடி அழுகிப் போயிற்று. அந்தப் பக்கத்து மழைக்குக் குச்சி தாங்காது, வேர் விட்ட செடியே வேண்டும். நீங்களும் இதை ஞாபகத்தில் வையுங்கள்: தகரத்தின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, தேங்காய் மட்டைத் துண்டும் கரியும் பரப்பி, அதற்கு மேல்தான் மண் போட வேண்டும். மல்லிகைக்கு மழை ஆகாது என்பதில்லை, காலடியில் தண்ணீர் நிற்பதுதான் ஆகாது.

டேலியாவுக்கு ஊன்றுகோல் வெட்ட மூங்கில் தேடிச் சிங்கள ஊர்ப்பக்கம் போனபோது, ஒரு வீட்டுக் கிணற்றடியில் ஒரு மல்லிப் புதர் பூத்துக் கிடப்பதை வேலிக்கு வெளியில் நின்று பார்த்தேன். கீழ்க்கிளைகள் தானாகவே மண்ணைத் தொட்டு வேர் விட்டிருந்தன. ஒன்றைக் கேட்டு வாங்கிவிடலாம் என்று தோன்றியது. எனக்குச் சிங்களம் அரைகுறை. பஜாரில் நாங்கள் சாமான் வாங்கும் முஸ்லிம் கடைக்காரர் நானாவுக்கு அது நன்றாகத் தெரியும். அவரிடம் போய்க் கேட்டேன்.

"மல்லிகைக்குச் சிங்களத்துல பிச்ச எண்டு சொல்லணும்" என்றார்.

"பிச்சையா?"

"பிச்சை இல்ல, பிச்ச. சொல்லிப் பாருங்களேன்."

"நானா, நான் எவன் வாசல்லயும் போய் நின்னு அந்தச் சொல்லைச் சொல்ல மாட்டேன்."

அவர் பருப்பு நிறுப்பதை விட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப பூவும் வராது, ஒண்டும் வராது. வீட்டுக்காரிக்கு வெங்காயப் பூவைக் கொண்டு போய்க் குடுங்க."

நான் என் புத்தியை உபயோகித்தேன். சிங்களத்தில் பூவுக்கு 'மல்' என்று பேர், அது எனக்குத் தெரியும். மல் என்றால் பூ, அப்படியானால் மல்லி என்றால் புரியாமலா போகும்? 'இருக்கா' என்று கேட்கவும் தெரியும். பங்களாவுக்கு வரும் ஊர்க்காரர்கள் என்னைப் பார்த்ததும் 'மஹத்தயா இன்னவாத?' என்பார்கள். துரை இருக்கிறாரா என்று அர்த்தம். ஆகவே 'மல்லி இன்னவாத?' என்று கேட்க வேண்டியதுதான். இதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை கோயில் ஜெபம் முடிந்ததும் அந்த வீட்டுக்குப் போனேன்.

வாசலில் ஒரு பெண் கூட்டிக்கொண்டிருந்தாள். நான் தலைத்துணியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டேன்: "மல்லி இன்னவாத?"

அவள் கையிலிருந்த விளக்குமாறு கீழே விழுந்தது. "மல்லி?" என்றாள்.

"ஒவ், ஒவ். மல்லி" என்றேன். ஒவ் என்றால் ஆமாம்.

அவள் "அம்மே!" என்று கூவிக்கொண்டு உள்ளே ஓடினாள். உள்ளிருந்து அவளுடைய தாயார் ஈரக் கையோடு வந்தார். என்னைப் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். தேத்தண்ணீர் வந்தது, கடித்துக்கொள்ளக் கருப்பட்டியும் வந்தது. ஒரு பூச்செடிக்கு இவ்வளவு மரியாதையா, தோட்டத்து ஆளை இப்படி நடத்துகிறார்களே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்த அம்மா என் எதிரில் தரையில் உட்கார்ந்து கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். பத்தில் ஒன்றுதான் எனக்குப் புரிந்தது. புரியாததுக்கெல்லாம் ஒவ் என்றேன். கையை வாய்க்குக் கொண்டுபோய், சாப்பாடு உண்டா என்பதுபோல் கேட்டார். என்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்து ஒவ் என்றேன். கன்னத்தை உள்ளே இழுத்துக் காட்டி, இளைத்திருக்கிறதா என்பதுபோல் ஏதோ கேட்டார். நான் அப்போது மெலிந்த ஆள்தான், அதனால் அதற்கும் ஒவ் என்றேன். உடனே அவர் அழ ஆரம்பித்துவிட்டார். நான் மெலிந்திருப்பதற்கு இவர் எதற்கு அழுகிறார் என்று எனக்கு விளங்கவில்லை. மகள் அவர் தோளைத் தொட்டு ஏதோ சொன்னதும், கண்ணைத் துடைத்துக்கொண்டு அவசரமாக உள்ளே போனார். சட்டி பானைச் சத்தம் கேட்டது.

அந்த நேரத்தில் மகளின் புருஷன் வயலிலிருந்து மண்வெட்டியோடு வந்தார். மாட்டு வண்டி ஓட்டிப் பஜாருக்குப் போய் வருகிறவர், கொஞ்சம் தமிழ் பேசுவார். மனைவி சொன்னதைக் கேட்டதும் என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீ எங்கே கண்டது?"

"எதைங்க?"

"மல்லி."

"இந்தா, கெணத்தடியிலதான் நிக்குதே."

அவர் சட்டென்று திரும்பிக் கிணற்றடியைப் பார்த்தார். அவர் மனைவியும் பார்த்தாள். பிறகு அவர் என்னைப் பார்த்தார். "அங்கே ஆள் இல்லே."

"ஆள் இல்லீங்க, செடி. பூச்செடி. அதக் கேட்டுத்தான் வந்தேன்."

அவர் முகம் மாறிற்று. "மல்லி சொன்னா பூ இல்லே. மல்லி சொன்னா தம்பி. இவ தம்பி. நிவித்திகல பக்கம் மாணிக்கக் குழிக்கு வேலைக்குப் போனது. ரெண்டு வருஷப் பிறப்பு போச்சு. ஒரு சேதி இல்லே. நீ வந்து, தம்பி இருக்கா கேட்டது. இவங்க, அவனைக் கண்டதா கேட்டா, ஒவ் ஒவ் சொன்னது. கேலி பண்ண வந்தியா நீ?" மண்வெட்டியை அவர் இன்னும் கீழே வைக்கவில்லை.

எனக்குக் காதெல்லாம் சூடேறிவிட்டது. பூவுக்கும் பொருளுக்கும் 'தியெனவாத' என்றும், மனிதருக்கும் உயிருக்கும் 'இன்னவாத' என்றும் சிங்களத்தில் தனித்தனியாகக் கேட்பார்களாம். நமக்கு இரண்டுக்கும் ஒரே 'இருக்கா'தான். அது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த அம்மா என்னிடம் கேட்டதெல்லாம் தன் மகனைப் பற்றி. அவன் சாப்பிடுகிறானா, இளைத்துப் போனானா என்று கேட்டிருக்கிறார். நான் ஒவ், ஒவ் என்று உட்கார்ந்திருந்திருக்கிறேன்.

அதே சமயம் அந்த அம்மா உள்ளிருந்து வந்தார். ஒரு கையில் வாழையிலையில் கட்டிய சோற்றுப் பொட்டலம். மறு கையில் மடித்த சாரம், அதாவது கைலி, புதுசு. இரண்டையும் மகனிடம் கொடுக்கச் சொல்லி என்னிடம் நீட்டினார்.

பிள்ளைகளே, அந்த நேரத்தில் என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். ஆமாம் அம்மே, உங்கள் மகனைப் பார்த்தேன், சுகமாக இருக்கிறான் என்று சொல்லிப் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு போய்விடலாம் போலிருந்தது. அவருக்கும் அன்று இரவு தூக்கம் வரும். மருமகன்கூட, என் வாயிலிருந்து அப்படி ஏதாவது வந்துவிடட்டும் என்பதுபோல் என்னையே பார்த்தார். ஆனால் நான் அதை வாங்கினால், நாளையிலிருந்து அந்த அம்மா வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவன் வராத ஒவ்வொரு நாளும் என் கணக்கில்தான் சேரும். நான் எழுந்து நின்று, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, "நே, அம்மே. நே" என்றேன். இல்லை என்று சொல்ல எனக்குத் தெரிந்த சிங்களம் அவ்வளவுதான். மீதியை மருமகன் ஒரு வரியில் சொன்னார்.

அந்த அம்மா உட்காரவும் இல்லை, கத்தவும் இல்லை. நீட்டிய கை நீட்டியபடியே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மருமகனிடம் ஏதோ கேட்டார்.

"அப்ப எதுக்கு வந்தது கேக்கிறாங்க" என்றார் அவர்.

நான் கிணற்றடியைக் காட்டினேன். எந்தச் சொல்லைச் சொல்ல மாட்டேன் என்று கடையில் வீறாப்புப் பேசினேனோ, அதையே சொன்னேன். "பிச்ச."

மகளுக்குக் கண்ணில் நீர் நிற்கும்போதே சிரிப்பு வந்துவிட்டது. மருமகன் மண்வெட்டியைச் சுவரில் சாய்த்தார். "அட போ! அதை மொதல்லே சொன்னா வாய் வெந்து போகுமா?"

தாயார் சிரிக்கவில்லை. சாரத்தை உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார். பொட்டலத்தைப் பெஞ்சின்மேல் வைத்து அவிழ்த்து, என் பக்கம் தள்ளினார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன்.

"தின்னு" என்றார் மருமகன். "கட்டின சோறு திரும்பச் சட்டிக்குப் போடமாட்டாங்க. அவன் பேர் சொல்லிக் கட்டினது. யாராச்சும் தின்னணும்."

சிவப்பரிசிச் சோறு, பலாக்கொட்டைக் கறி, பொரித்த கருவாடு. அந்த அம்மா பார்த்துக்கொண்டிருந்ததால் ஒரு பருக்கை விடாமல் தின்றேன். தின்று முடித்ததும் தானே செம்பில் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தார். அதன்பிறகு கத்தியோடு கிணற்றடிக்குப் போய், வேர் விட்ட கிளைகளில் நல்லதாகப் பார்த்து, தாய்ச்செடியிலிருந்து வெட்டி, மண்ணோடு பெயர்த்துக் கமுகுமட்டையில் சுற்றித் தந்தார். நான் கிளம்பும்போது மகனின் பேரைச் சொன்னார். இடது புருவத்தைத் தொட்டு, அதில் ஒரு வெட்டுத் தழும்பு இருக்கும் என்று காட்டினார்.

"நீ தோட்டத்து ஆள், எங்கேயும் போகமாட்டாய். ஆனாலும் கேட்டு வை" என்றார் மருமகன்.

செடியை உங்கள் அம்மாவிடம் கொடுத்தபோது நடந்ததை முழுக்கச் சொன்னேன். அவள் அதை நட்டுத் தண்ணீர் ஊற்றினாள். முதன்முதல் பூத்ததைச் சரமாகக் கட்டித் தலையில் வைத்துக்கொண்டு பீலிக்குப் போனாள், கேலி செய்தவளுக்கும் ஒரு துண்டு கிள்ளிக் கொடுத்தாள். அந்தப் பழைய பேச்சு அதோடு நின்றது.

சில வருஷம் கழித்துத் துரைக்கு இந்த நிவித்திகலப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு மாற்றம் வந்தது. பூந்தோட்டத்துக்கு என்னையும் கூட வரச் சொன்னார். எங்கேயும் போகமாட்டாய் என்று சொல்லப்பட்ட நான், மல்லிகைத் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு அவிசாவளையில் ரயில் ஏறினேன். தகரத்தை இந்த வாசலில் இறக்கி வைத்த பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, உங்கள் அம்மாவிடம்கூடச் சொல்லாமல், வயல் வரப்பு வழியாக மாணிக்கக் குழிகள் இருக்கும் பக்கம் தனியாக நடந்தேன்.

ஒருவருடைய பாஷையில் ஒன்றைக் கேட்டுவிட்டால், கேட்டவனுக்கும் அதில் ஒரு பொறுப்பு வந்துவிடுகிறது. நான் அன்றிலிருந்து நினைப்பது அவ்வளவுதான். முதல் குழியில் சேற்றுக் கூடை இழுத்துக்கொண்டிருந்தவர்கள் என்னைப் பார்த்து நிறுத்தினார்கள். நான் தலைத்துணியை எடுத்துக்கொண்டு, அந்தப் பேரைச் சொல்லி, இடது புருவத்தைத் தொட்டுக் காட்டி, ஒரு எழுத்துத் தவறாமல் கேட்டேன்: "மல்லி இன்னவாத?" அவர்கள் இல்லை என்று தலையாட்டினார்கள். ஒருவர் அடுத்த குழியைக் கை காட்டினார். நான் அங்கே நடந்தேன்.